பிரேக் பிடிக்குது

சென்ற மாதம் நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனப் பிரிவு மாணவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். மேடையில் என்னை “ஓய்வுபெற்ற வாகனத் தொழில்நுட்பவியலாளர்” என்று அறிமுகப்படுத்தினார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்லில் பெரிய பிழை இல்லை. ஒரே ஒரு வேலைத்தலம், ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவான வேலை, அதன்பிறகு அந்தத் தொழிலில் ஒரு நாளும் இல்லை. இப்போது நான் நீர்ப்பம்பிகளின் பதிவேடு வைக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் இரண்டு மாணவிகள் வந்து கேட்டார்கள். “மிஸ், இப்ப கம்பியூட்டரக் கொழுவினா வாகனமே என்ன பழுதெண்டு செல்லுது. அந்தக் காலத்தில என்னத்த வெச்சிக் கண்டுபுடிச்சீங்க?” அவர்கள் சொன்ன அந்தக் காலம் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. கையாலும் காதாலும் மூக்காலும் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகு, அது முழு உண்மை இல்லை என்று பட்டது. கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படியும் அவர்கள் கேட்டிருந்தார்கள். அதனால் ஒரு காரைப் பற்றியும் அதன் பிரேக்கைப் பற்றியும் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம். வகுப்பில் இருபத்தொரு பையன்கள், நான், இன்னொருத்தி. அவள் முதலாம் வருடத்திலேயே கல்யாணமாகிப் போனாள். சான்றிதழ் என் கைக்கு வந்து மூன்று மாதத்தில் சுனாமி, கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு கல்முனையில் பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் வாசலோடு நின்றது. வீதிக்குக் கிழக்கே இருந்தவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது வேறு எழுத்து.

அடுத்த வருடம் ஒரு நிவாரண நிறுவனம், மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றின் முற்றத்தில் கூரை போட்டுத் தன் வாகனங்களுக்கு வேலைத்தலம் தொடங்கியது. உதிரிப்பாகங்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த, கையில் கிறீஸ் படுவதைப் பொருட்படுத்தாத ஓர் ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நான் போனேன். உம்மா மூன்று நிபந்தனை வைத்தார். மேலங்கி முழங்காலுக்குக் கீழே வர வேண்டும். மாலை மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். காரின் அடியில் படுக்கும்போது கால் வெளியே தெரியக்கூடாது. மூன்றாவதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அது உம்மாவுக்கும் தெரியும்.

முதல் இரண்டு வருடமும் உப்போடுதான் வேலை. கடல் தண்ணீரில் நின்ற வாகனத்தை அந்த வாரமே கழுவிக் காயவைத்தால் பிழைத்துவிட்டது என்று நினைப்போம். ஆறு மாதம் கழித்து ஹெட்லைட் எரியாது. ஒரு வருடம் கழித்துக் கதவுக்குள் இருக்கும் கம்பி பச்சை நிறத்தில் உதிரும். உப்பு அவசரப்படுவதில்லை. அதனால் எந்தப் பழுது வந்தாலும் நாங்கள் முதலில் உப்பைத்தான் சந்தேகப்பட்டோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. எங்களுக்கு அது பழகிப்போயிற்று.

வேலைத்தலத்தின் பொறுப்பாளர் சிவராசா சேர். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்பு பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். கழற்றிய பாகங்களைத் தரையில் வைக்க விடமாட்டார். பத்திரிகைத் தாளை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். கழுவக்கூடாது, அழுக்கோடு அவர் பார்க்க வேண்டும். பார்த்தபிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவார். ஒரு பக்கம் “தெரிந்தது”, மற்றப் பக்கம் “நினைப்பது”. யாராவது “இது லீக் போல கிடக்கு” என்றால், “எனக்குப் ‘போல’ வேண்டாம். தெரிஞ்சா இந்தப் பக்கம் சொல்லு, நினைச்சா அந்தப் பக்கம் சொல்லு” என்பார். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் “நல்லது” என்று மட்டும் சொல்வார். புதிதாக வந்த ஒருவர் அதைப் பாராட்டு என்று நினைத்து இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

எனக்கு இந்த முறை பிடித்தது. சின்ன வயதிலிருந்தே பட்டியல் போடுகிறவள் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஓட்டுநர்கள் நாளாந்தம் நிரப்புவதற்கு ஒரு படிவம் தயாரித்தேன். எண்ணெய், தண்ணீர், பிரேக், லைட், ஹோர்ன், டயர், ஸ்டியரிங், வேறு. எட்டுப் பெட்டிகள். மாலையில் வாகனத்தை விடும்போது ஓட்டுநர் நிரப்ப வேண்டும். காலையில் நான் பார்த்துச் சிவப்புப் பேனையால் சரி போடுவேன். வாரக் கடைசியில் சேர் கையொப்பமிடுவார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சொல்லுக்குத்தான் இடம் விட்டிருந்தேன். இடம் கொடுத்தால் கதை எழுதுவார்கள் என்பது என் எண்ணம். வாயால் சொல்வதை ஏற்பதில்லை என்றும் ஒரு விதி வைத்தேன். எழுதினால்தான் கணக்கு.

இனி அந்தக் காருக்கு வருகிறேன்.

அது வெள்ளை நிறத்தில், பின்பக்கம் நீண்ட ஒரு பழைய கார். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. வாரத்தில் ஐந்து நாள் மருத்துவிச்சியை ஏற்றிக்கொண்டு கிளினிக்குகளுக்குப் போகும். ஒரு நாள் சவளக்கடை, ஒரு நாள் தம்பிலுவில், இப்படி. அதன் ஓட்டுநர் கரீம் காக்கா. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். கடல் வருவதற்கு முன் லொறி ஓட்டியவர். அந்த லொறியும் அவருடைய வீடும் ஒரே காலையில் போயின. கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். படிவத்தை நிரப்பும்போது காரின் பொனட்டில் தாளை வைத்து, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரிக் குனிந்து எழுதுவார்.

யுத்தம் முடிந்த வருடம் அது. அந்த வருடத் தொடக்கத்தில் காருக்குப் பெரிய சேவிஸ் செய்தோம். பிரேக் பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்கு, அதாவது சில்லுகளுக்கு, தள்ளும் மாஸ்டர் பம்பில் கசிவு இருந்தது. அதை மாற்றினேன். முன்சில்லுகளின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட்களையும் புதிதாகப் போட்டேன். அந்தப் பாதையில் ஒன்றரை வருடம் ஓட வேண்டிய பேட்கள் மூன்று மாதத்தில் முடிந்துவிட்டன. உப்பு என்று முடிவு செய்தோம். பேட்களைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றி, அது வழுக்கி ஓடும் ஊசிகளைத் தேய்த்து, பிஸ்டனைச் சுத்தமாக்கி, புது ரப்பர் போட்டு, புதுப் பேட்களும் போட்டேன். அவை இரண்டு மாதத்தில் தேய்ந்தன.

இரண்டாவது தடவை கழற்றியதை அடுக்கியபோது சேரும் நானும் தாளுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். நான்கு பேட்கள். ஊசி இறுகியிருந்தால் ஒரு சில்லில் உள்பேட் அதிகமாகவும் வெளிப்பேட் குறைவாகவும் தேயும். பிஸ்டன் இறுகியிருந்தால் ஒரு பக்கச் சில்லு மட்டும் தேயும். இங்கே நான்கும் ஒரே அளவு. டிஸ்க் இரண்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. ஜெக் போட்டுத் தூக்கிச் சில்லைச் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றியது.

“நாலும் ஒரே மாதிரி. சில்லும் லேசாச் சுத்துது. அப்ப கால்தான்” என்றார் சேர். அதாவது, ஓட்டுநர் பெடலில் காலை வைத்தபடியே ஓடுகிறார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. நடுவில் கோடு போட்ட தாளை எடுத்து, “காரணம்: ஓட்டும் முறை” என்று எழுதினேன். எழுதிய பக்கம் “தெரிந்தது”. கீழே கையொப்பம் வைத்தேன். ஒரு மனிதனின் காலை நான் ஒரு தடவையும் பார்க்காமல் எழுதிய வரி அது.

சாதாரண வருடமாக இருந்தால் இதில் பெரிதாக ஒன்றும் நடந்திராது. ஆனால் யுத்தம் முடிந்ததோடு நிறுவனமும் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர்களை மாதத்துக்கு இரண்டு பேராக அனுப்பினார்கள். போகும்போது ஒவ்வொருவருக்கும் கொழும்பிலிருந்து ஒரு சேவைக் கடிதம் வரும். நிவாரண வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடிந்ததால் அம்பாறைக் கரை முழுக்க வேலையில்லாத ஓட்டுநர்கள். அந்தக் கடிதம்தான் அடுத்த வேலை. கரீம் காக்காவின் கடிதத்துக்கான குறிப்பு வியாழக்கிழமை கொழும்புக்குப் போக இருந்தது. அதில் “வாகனத்தைக் கவனமின்றிப் பாவிப்பவர்” என்ற வரி இருந்தது. அதற்கு ஆதாரம் என் தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் என் மேசைக்கு வந்தார்.

“புள்ள, ஒரு கத கேக்கோணும்.”

“செல்லுங்க காக்கா.”

“நான் பிரேக்கில கால வெச்சிக்கிட்டு ஓடுறனாம். சேர் செல்றார். நீங்களும் அப்படித்தான் எழுதிக் குடுத்தீங்களாம்.”

“பேட் நாலும் ஒரே மாதிரித் தேஞ்சிரிக்கி காக்கா. வேற காரணம் ஒண்டும் கிடைக்கல்ல.”

“அப்ப நான் எழுதினது?”

“நீங்க என்ன எழுதினீங்க?”

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “என்ன எழுதினனோ! அஞ்சு மாசமா ஒரு நாள் வுடாம எழுதியிரிக்கன், பிரேக் புடிக்குது, பிரேக் புடிக்குதெண்டு. நீங்களும் ஒரு நாள் வுடாம சிவப்புப் பேனையால சரி போட்டிரிக்கீங்க. நான் நினச்சன், புள்ளைக்கு விளங்கிட்டு, சாமான் வர மட்டும் பாத்துக்கிட்டிரிக்கெண்டு.”

“நல்லாப் புடிக்குதெண்டுதானே எழுதினீங்க?”

“நல்லாப் புடிச்சா நான் ஏன் புள்ள அத எழுதோணும்? ஹோர்ன் அடிக்குதெண்டு எழுதினனா? லைட் எரியிதெண்டு எழுதினனா? அதுக்கெல்லாம் ‘சரி’ எண்டுதானே எழுதியிரிக்கன். இதுக்கு மட்டும் ஏன் வேற எழுதுறாரு மனிசன் எண்டு ஒருக்காலாவது யோசிக்கப்படாதா?”

எங்கள் பேச்சில் பிரேக் பிடிக்கிறது என்றால் மிதித்தவுடன் வாகனம் நிற்கிறது என்று அர்த்தம். மிதிக்காமலே பிரேக் சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது என்றாலும் அதே சொல்தான். ஒன்று நல்ல செய்தி, மற்றது பழுது. பேசும்போது முகத்தைப் பார்த்தோ குரலை வைத்தோ எது என்று விளங்கிவிடும். என் பெட்டியில் முகமும் இல்லை, குரலும் இல்லை.

“வாயால செல்லியிரிக்கலாமே காக்கா?”

“செல்ல வந்தன்தானே. வாசல் கேட்டில வெச்சி, ‘புள்ள, இந்த பிரேக்’ எண்டு தொடங்கக்குள்ள, ‘படிவத்தில எழுதுங்க காக்கா’ எண்டு போனது ஆரு?”

அது நான்தான்.

படிவங்களின் கோவையை எடுத்தேன். ஏழு பெட்டிகளில் ‘சரி’. பிரேக் பெட்டியில் ‘பிடிக்குது’. அடுத்த தாள், அதே. அதற்கடுத்த தாள், அதே. பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன். அவருடைய அச்செழுத்து ஒரு நாளும் மாறவில்லை. ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு தாளில் பிரேக் பெட்டியிலும் ‘சரி’ என்று இருந்தது. அடுத்த நாளிலிருந்துதான் ‘பிடிக்குது’. இரண்டு தாளுக்கும் இடையில் நடந்தது என்ன என்று சேவிஸ் புத்தகத்தில் பார்த்தேன். மாஸ்டர் பம்ப் மாற்றியது. ‘மாற்றியவர்’ என்பதற்கு நேரே என் பெயர்.

சேரிடம் போய், “நான் ‘தெரிந்தது’ பக்கத்தில எழுதின ஒண்டு, நினைச்சது சேர். திரும்பப் பார்க்கோணும்” என்றேன்.

“நல்லது” என்றார். பிறகு, “வியாழக்கிழமை கடிதம் போகும்” என்றார்.

புதன்கிழமை தம்பிலுவில் கிளினிக். நான் முன் ஆசனத்தில் ஏறினேன். பின்னால் மருத்துவிச்சி தவமணி அக்கா, மருந்துப் பெட்டிகளோடு. தம்பிலுவிலைச் சேர்ந்தவர். வாய் சும்மா இராது. நான் செய்ய இருந்தது இவ்வளவுதான். முதலாவது, கரீம் காக்காவின் வலது காலை இறங்கும்வரை பார்ப்பது. இரண்டாவது, கார் நன்றாகச் சூடாகும்வரை நிற்பாட்டிப் பார்க்காமல் இருப்பது. ஏனென்றால் வேலைத்தலத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் காலையில், இரவு முழுக்க ஆறிய காரை.

காரைதீவைத் தாண்டும்போது தவமணி அக்கா கேட்டார், “என்ன பிள்ளை, மாப்பிள்ளை பார்க்க வந்த ஆக்கள் மாதிரி அந்தாள்ற காலையே பார்த்துக்கொண்டு வாறாய்?”

“பாக்கட்டும் தங்கச்சி. இதுதான் என்ட வக்கீல்” என்றார் கரீம் காக்கா, காலை ஒரு தடவை தூக்கிக் காட்டி.

“வக்கீலுக்கு நல்லா நகம் வெட்டியிருக்கலாம்.”

அவர் கால் பிரேக்கில் இருக்கவே இல்லை. தேவைக்கு மிதித்தார், உடனே எடுத்தார். நிந்தவூர்ச் சந்தையில் ஆட்டோக்களுக்கு நடுவில், அட்டாளைச்சேனையில் பாடசாலை தொடங்கும் நேரத்தில், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும். நான் ஓட்டியிருந்தால் இன்னும் அதிகம் மிதித்திருப்பேன். அக்கரைப்பற்றைத் தாண்டியபோது, கருகிய நகம் மாதிரி ஒரு மணம் வந்தது. வயல்களுக்கு நடுவே வீதி மட்டமாக நேராகப் போனது.

“காக்கா, கியரக் கழட்டி வுடுங்க. பிரேக்கில கால் வைக்காதீங்க.”

அவர் இரண்டு காலையும் ஆசனத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டார். கார் உருள வேண்டிய தூரத்தில் பாதிகூட உருளவில்லை. யாரும் தொடாமலே மெல்ல மெல்ல அடங்கி நின்றது.

“பாத்தீங்களா? புடிக்குது” என்றார் கரீம் காக்கா.

வீதியோரத்திலேயே ஜெக் போட்டோம். முன்சில்லை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. காலிப்பரில் காற்று எடுக்கும் சிறிய திருகைத் திறந்தேன். எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது. உடனே சில்லு லேசாகிச் சுற்றியது. அப்படியென்றால் ஊசியும் பிஸ்டனும் குற்றவாளி இல்லை. எண்ணெய் உள்ளே அடைபட்டு நின்று அமுக்கியிருக்கிறது. திருகை மூடி, கரீம் காக்காவை ஒரு தடவை மிதித்து விடச் சொன்னேன். சில்லு திரும்பவும் இறுகியது. இப்போது பொனட்டைத் திறந்து, மாஸ்டர் பம்பை, மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, பம்பை ஒரு வாஷரின் தடிப்பளவு முன்னால் இழுத்தேன். “இப்ப சுத்துங்க” என்றேன். சில்லு ஒரு விரலுக்குச் சுற்றியது.

விஷயம் இதுதான். பெடலை விட்டதும் பம்பின் உள்ளே இருக்கும் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வர வேண்டும். அப்போதுதான் எண்ணெய் திரும்பிப் போகும் ஊசித்துளை திறக்கும். பூஸ்டரிலிருந்து வந்து பிஸ்டனைத் தள்ளும் கோல் சற்று நீளமாக நின்றால் அந்தத் துளை முழுதாகத் திறக்காது. ஓட ஓட எண்ணெய் சூடாகி விரியும். திரும்பிப் போக வழியில்லாமல் பேட்களை அமுக்கும். அமுக்குவதால் இன்னும் சூடாகும். இரவில் ஆறினால் எல்லாம் இளகிவிடும். காலையில் ஜெக் போட்டுப் பார்ப்பவருக்குச் சில்லு தடையில்லாமல் சுற்றும். நான்கு பேட்டும் ஒரே அளவு தேய்ந்ததன் காரணமும் இதுதான். பின்சில்லுகளில் இருப்பது டிரம் பிரேக். அவற்றின் ஸ்பிரிங் வலுவானது, அதனால் அவை தப்பின.

பழைய பம்பும் புதிய பம்பும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் பிஸ்டனின் குழி அளவு ஒன்றில்லை. கோலுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி அளக்க வேண்டும் என்பது பம்ப் மாற்றும்போது நான் வைத்திருந்த பன்னிரண்டு அம்சப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை நான் செய்யவில்லை.

நாங்கள் சாவடிக்குப் பார்வைபடும் தூரத்தில் காரைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்திருந்ததால் ஒரு சிப்பாய் துவக்கோடு நடந்து வந்தார். இருபது வயதிருக்கும். சில்லைப் பார்த்து, டிஸ்க்கின் மேல் உள்ளங்கையைப் பிடித்து, சூட்டில் கையை இழுத்துக்கொண்டார். “ஹிரவெலாத?” என்று கேட்டார். இறுகிவிட்டதா என்று அர்த்தம். சிங்களத்தில் பிரேக் இறுகுவதற்கு ஒரு சொல், பிரேக் பிடிப்பதற்கு வேறு சொல். கரீம் காக்கா சிங்களத்தில் படிவம் நிரப்பியிருந்தால் முதல் நாளே எனக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன்.

“அங்க என்ட தாய்மார் வயித்தோட வரிசையில நிக்குதுகள். நீங்க ரெண்டு பேரும் இஞ்ச சில்லுக்குப் பிரசவம் பாருங்க” என்றார் தவமணி அக்கா.

பம்புக்கும் பூஸ்டருக்கும் நடுவே நட்டுக்கு ஒன்றாக இரண்டு வாஷர் வைத்து இறுக்கினேன். தற்காலிக வேலைதான், ஆனாலும் கிளினிக்குக்குப் போய்த் திரும்பப் போதும். திரும்பி வரும்போது வீதியின் மட்டமான இடத்தில் காரை மறுபடி உருளவிட்டோம். அது போய்க்கொண்டே இருந்தது. கரீம் காக்கா வெற்றிலை போட்டவர் மாதிரி வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வாஷரை எடுத்துவிட்டுக் கோலின் நுனி நட்டை அரைச் சுற்று உள்ளே விட்டேன். அளந்து பார்த்தேன். என் பிழையின் அளவு ஒரு நகத்தின் தடிப்பைவிடக் குறைவு.

பிறகு பத்திரிகைத் தாளை விரித்தேன். அதில் அடுக்குவதற்குப் பாகம் ஒன்றும் இல்லை. படிவங்களை நாள் ஒழுங்கில் அடுக்கினேன். கடைசியில் சேவிஸ் புத்தகத்தை அந்தப் பக்கம் திறந்தபடி வைத்தேன். சிவராசா சேர் வந்து முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேகமாகப் புரட்டவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார்.

“இதில என்ட கையெழுத்தும் கிடக்கு” என்றார்.

“ஓம் சேர்.”

“ஒவ்வொரு கிழமையும் கிடக்கு.”

“ஓம் சேர்.”

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. “பிள்ளை, நீ எழுதினதை நீயே திருப்பி எடுக்கிறதெண்டா ஏனெண்டு எழுதோணும். அது உன்ட கோவையில போகும். இன்னும் மூணு மாசத்தில இந்த இடமும் மூடுது. உனக்கும் ஒரு கடிதம் வேணும். கராஜ் எடுக்கிறதுக்கே யோசிப்பாங்கள், பொம்பிளைப் பிள்ளை எண்டு. அதோட இதுவும் சேர்ந்தா?” பிறகு, “‘புதிய பாகத்தில் குறைபாடு’ எண்டு எழுதலாம். கரீமின்ட வரியும் போகும். ஆருக்கும் சேதமில்ல” என்றார்.

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்கும் அந்த வாக்கியம் பிடித்திருந்தது. சுருக்கமானது, சுத்தமானது, ஒரு பெட்டிக்குள் அடங்கும்.  கோடு போட்ட தாளில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

“பாகத்தில குறைபாடு இல்ல சேர். அது எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் “நல்லது” என்று சொல்லவில்லை. என் முன் ஒரு தாளைத் தள்ளினார். நான் எழுதினேன். மாஸ்டர் பம்ப் பொருத்தும்போது கோலின் இடைவெளியை நான் அளக்கவில்லை. ஓட்டுநர் மறுநாளே பழுதை எழுதி அறிவித்தார். ஐந்து மாதமாகத் தொடர்ந்து அறிவித்தார். நான் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். தேய்வுக்கு ஓட்டும் முறை காரணம் அல்ல. கையொப்பம். சேர் அதை வாங்கி வாசித்து, என் பெயருக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார். “நானும் வாசிக்காமல் கையொப்பமிட்டேன்.” வியாழக்கிழமை தபாலில் கரீம் காக்காவின் குறிப்பு புதிதாகப் போனது. என் தாளின் பிரதியும் அதோடு இணைந்து போனது. பழைய வரியை ஏற்கனவே கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்ததால், அதை மாற்ற அவர்கள் ஆதாரம் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கலவரம். சேர் கையில் படிவத்தோடு முற்றத்துக்கு ஓடி வந்தார். அவர் ஓடியதையும் நான் அன்றுதான் பார்த்தேன். “வெள்ளைக் காரை ஆர் வெளியில விட்டது? பிரேக் பிடிக்கல்லையாம்! எழுதிக் கிடக்கு!”

நான் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பிரேக் பெட்டிக்குள் அச்செழுத்தில், ‘பிடிக்கல்ல’.

கேட்டடியில் கரீம் காக்கா காரை நிறுத்தித் தலையை நீட்டினார். “என்ன சேர், நல்ல செய்திதானே எழுதியிரிக்கன்?”

அன்று மத்தியானமே படிவத்தை மாற்றினேன். பிரேக்குக்கு இரண்டு கேள்விகள். மிதித்தால் நிற்கிறதா? விட்டால் உருள்கிறதா? கீழே மூன்று வரிக்கு வெற்றிடம். எதிர்பார்த்தபடியே ஓட்டுநர்கள் கதை எழுதினார்கள். ஒருவர் தன் மச்சானின் கல்யாணத்தைப் பற்றியும் எழுதினார். எல்லாவற்றையும் வாசித்தேன்.

மூன்று மாதத்தில் வேலைத்தலம் மூடப்பட்டது. என் கடிதமும் வந்தது. நல்ல கடிதம். வேலை தெரிந்தவர், நேரம் தவறாதவர். கடைசி வரி, “தான் செய்த பிழையைத் தானே கண்டுபிடித்து எழுத்தில் அறிவித்தவர்.” அந்த வரி எனக்குக் கெடுதல் செய்யும் என்று சேர் பயந்தார். நான் கல்முனையில் ஒன்று, சம்மாந்துறையில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று என்று மூன்று கராஜுகளுக்குக் கொண்டுபோனேன். கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று இடத்திலும் என் பெயரைப் பார்த்து, என்னைப் பார்த்து, கடிதத்தை மடித்துத் தந்துவிட்டார்கள். கடைசி வரி வரைக்கும் யாரும் போகவில்லை.

நான் நாலாவது இடத்துக்குப் போவதா விடுவதா என்று வீட்டில் இருந்த ஒரு பின்னேரம் கரீம் காக்கா மஸ்கட் இனிப்புப் பொதியோடு வந்தார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பஸ் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. முப்பது பிள்ளைகள். நேர்முகத்துக்கு ஒன்பது ஓட்டுநர்கள் வந்தார்களாம். முன் விறாந்தையில் அவர் உட்கார்ந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றார்.

“என்ட கடிதத்த ஒருக்காத்தான் புள்ள வாசிச்சாங்க” என்றார் கரீம் காக்கா. “கொழும்பில இருந்து அதோட கொழுவி வந்த உங்கட தாளத்தான் ரெண்டு தரம் வாசிச்சி, மூணு பேரும் மாறி மாறிப் பாத்தாங்க. பழுதெண்டா அஞ்சு மாசமெண்டாலும் வுடாம எழுதுற மனிசன் எங்களுக்கு வேணுமெண்டு செல்லி, அங்கயே நாளக்கி வாங்க எண்டுட்டாங்க. உங்கட பிழைதான் எனக்கு வேல எடுத்துத் தந்த.”

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. “அப்ப சம்பளம் ஆருக்காம்?”

கரீம் காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆனால் வந்தது.